பள்ளிக்கூடத்துத் தகரம்

கீழ் கோத்தகிரி
2.2.1984

பத்திரிகை ஆசிரியர் முனியசாமி ஐயா அவர்களுக்கு,

எஸ்டேட் பள்ளிக்கூடக் கமிட்டி உறுப்பினர் அம்சவேணி எழுதறது. குன்னூர்ல நீங்க சௌக்கியமாத்தான் இருப்பீங்க. எங்களை இருக்க விடலீங்களே! ‘எஸ்டேட் பள்ளி மூடப்படுகிறதா?’ன்னு முதல் பக்கத்துல போட்டுட்டீங்க. அதென்னங்க, கேள்விக்குறி வெச்சா என்ன வேணும்னாலும் எழுதலாமுங்களா?

ஒழுகற தகரத்தை மாத்தத்தான் கூரையைப் பிரிச்சோம். இப்பப் பாதிப் பிள்ளைங்க வர்றதில்லை. சிலரைக் கூடலூர்ச் சொந்தக்காரங்க ஊட்டுக்கே அனுப்பிட்டாங்க. அடுத்த மாசம் ஆய்வாளர் வந்து காலி பெஞ்சைப் பார்த்தா நெசமாவே மூடிருவாரு. எம் மக நாலாவது படிக்கறா. அடுத்த பள்ளிக்கூடம் காட்டெருமை இறங்கற தடத்துக்கு அந்தப் பக்கம்.

கோபத்தோட,
அம்சவேணி, கமிட்டி உறுப்பினர்

குன்னூர்
6.2.1984

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் திட்டியது சரிதான். ஆனால் நான் கேட்காமல் போடவில்லை. உங்கள் தலைவர் ஒச்சப்பன் வீட்டுக்கே போனேன். “பத்திரிகைக்குச் சொல்ல ஒன்றுமில்லை” என்று கதவைச் சாத்திவிட்டார். எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தைக் கைவிட்டால் முதலில் கழற்றுவது கூரைத் தகரத்தைத்தானே? அதைப் பார்த்த சனம் வேறென்ன நினைக்கும்?

ஆண்டு விழா என்றால் மாலை வாங்கியவர் பெயரெல்லாம் எழுதி அனுப்புகிறீர்கள். கூரையைப் பிரிக்கும் முன் இரண்டு வரி எழுதக் கூடாதா? என்ன வேலை, எப்போது முடியும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, அவ்வளவுதான். செவ்வாய் மதியம் அச்சுக்குப் போகும். அதற்குள் வந்தால் போடுவேன்.

ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் வராததற்குக் கூரை மட்டும்தான் காரணமா?

முனியசாமி

கீழ் கோத்தகிரி
9.2.1984

ஆசிரியர் ஐயாவுக்கு,

எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? பொங்கலுக்கு ஊருக்குப் போன ரெண்டாவது வாத்தியார் இன்னும் திரும்பலை. வெளியே தெரிஞ்சா மானம் போயிரும்னு தலைவர் சொல்றாரு. மறைச்சா பள்ளிக்கூடமே போயிரும்னு நான் சொல்றேன். ரெண்டு சேதியும் போடுங்க. ஆனா கமிட்டி சொன்னதா போடாதீங்க, அங்க இன்னும் பேசி முடிக்கலை. அம்சவேணி சொன்னாள்னு போடுங்க. பயமாத்தான் இருக்குது.

திங்கக்கிழமை தகரம் ஏறுது. போட்டோக்காரரோட வாங்க. எங்களை எடுக்க வேண்டாம், தகரம் ஏறறதை எடுங்க. எங்க சனம் அதைப் பார்த்துத்தான் நம்பும்.

அம்சவேணி, கமிட்டி உறுப்பினர்

கீழ் கோத்தகிரி
24.2.1984

முனியசாமி அண்ணனுக்கு,

காலையில வேலைக்கு ஆள் பிரிக்கற பிரட்டுக்களத்துல உங்க பத்திரிகையை ஒட்டினேன். எழுத்தே தெரியாத மூக்கம்மாதான் முதல்ல பார்த்துச்சு. “அடியே, தகரம் ஏறிருச்சு!”ன்னு ஒரே கத்தல். மறுநாளே பிள்ளைங்க வந்துட்டாங்க. கூடலூர் போனதுகளும் ஞாயித்துக்கிழமை வருதாம். புது வாத்தியாரை அனுப்பறதா ஆபீஸ்ல இருந்து காயிதம் வந்திருக்குது.

என்னைக் கமிட்டியை விட்டு எடுத்துட்டாங்கண்ணா. ஊட்டுக்கு வந்து அழுதுட்டேன். எம் மக புத்தகப் பையை மாட்டிக்கிட்டு முன்னாடி வந்து நின்னா, அப்புறம்தான் நிறுத்துனேன்.

இனி சேதி வேணும்னா தலைவரையே கேளுங்க. கதவைச் சாத்த மாட்டாரு. போட்டோவுல தான் ஏன் இல்லைன்னு ஒரு வாரமா எல்லாரையும் கேட்டுட்டுத் திரியறாரு.

இப்படிக்கு,
அம்சவேணி
நாலாவது படிக்கற பிள்ளையோட அம்மா