உன் அப்பா டெம்பே சுமந்த விவரம்

அன்புள்ள டானாங்,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம், கோழிகளும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தைவானில் குளிர் எப்படி இருக்கிறது, சளி பிடிக்காமல் இருக்கிறாயா. இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் தொடங்கினால் உன் அப்பா பிடுங்கித் தன் கட்சியைப் பேசி முடித்துவிடுவார், அதனால் அவர் லாரியில் மணல் ஏற்றப் போன நேரம் பார்த்து நம் காப்பிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்பெனி வேன் ஓட்ட உனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றாயே, அன்றிலிருந்தே எழுத வேண்டும் என்று மனதில் இருந்தது.

நம் கடைக்கு டெம்பே போடும் முர்னியை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் காலிமந்தானில் எண்ணெய்ப் பனைத் தோட்ட வேலை, இவள் இங்கே இரண்டு சின்னப் பிள்ளைகளோடு தனியாக. வயதில் உன்னைவிடக் கொஞ்சம் பெரியவள், வாய் என்னுடையதைவிடப் பெரியது. சுபுஹு தொழுகை முடிந்ததும் சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் மூங்கில் கூடை கட்டி, சோயாவைப் புளிக்கவைத்து வாழையிலையில் பொதிந்த டெம்பேயை நிரப்பிக்கொண்டு, மற்றப் பெண்களோடு பந்துல் சாலை வழியாக யோக்யா சந்தைக்குப் போவாள், போகிற போக்கில் எனக்கும் போட்டுவிட்டுப் போவாள். மழை தொடங்கிய சமயம் ஒரு நாள் டெம்பே வரவில்லை. வெயில் ஏறிய பிறகு முர்னி நடந்து வந்தாள், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு, கைலி முழுக்கச் சேறு. மணல் லாரி ஒன்று காதை உரசுகிற மாதிரி போயிருக்கிறது, இடிக்கவில்லை, ஆனால் அது போன வேகத்தில் அடித்த காற்று சைக்கிளோடு இவளைத் தூக்கி வாய்க்காலில் போட்டுவிட்டது. டெம்பே எல்லாம் வயல் பக்கமாக மிதந்து போனதாம், வாத்துகள் தின்றனவாம். டீ குடித்துக்கொண்டே சொன்னாள், “வாய்க்கால்ல கெடந்துகிட்டே தலையத் தூக்கிப் பாத்தேன் அக்கா, லாரியோட பின்பலகையில ஒரு பொம்பள படம், உதட்டுல ரத்தம் மாதிரி சாயம், கண்ணு ஒண்ணு மேல ஒண்ணு கீழ, என்னயப் பாத்து இளிச்சிக்கிட்டே போறா, யாரு பெத்த மூதேவியோ” என்று.

அந்த மூதேவி நான்தான். எங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்து உன் அப்பா தான் ஓட்டும் லாரியில் வரையச் சொன்ன படம், உனக்கு நினைவிருக்கும். என் சாயலே அதில் இல்லை என்று இத்தனை வருஷம் சண்டை போட்டவள், அன்றைக்குத்தான் அந்த ஓவியனை மனதார வாழ்த்தினேன். முர்னியின் டீயில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டேன்.

மத்தியானம் உன் அப்பா சாப்பிட வந்து டெம்பே எங்கே என்று கேட்டார். “வாய்க்கால்ல இருக்கு, நீங்கதான் போட்டீங்க” என்றேன். விஷயத்தைச் சொன்னதும், “நான் யாரையும் தொடவே இல்லியே” என்றார். தொடவில்லைதான், காற்றுதான் தள்ளியது என்றேன். “காத்துக்கெல்லாம் நான் பதில் சொல்ல முடியுமா, அவளுங்க ஓரமா போனா என்ன” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். ஆனால் இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. உன் அப்பா இரண்டாம் தடவை சோறு கேட்காத நாள் அவருடைய அம்மா மௌத்தான நாள் ஒன்றுதான். சாயங்காலம் குளித்து, கல்யாணத்துக்குப் போடுகிற பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு, “கெளம்பு, அந்தப் பொண்ணு வீடு எங்க” என்றார்.

அந்த லாரியை ஓட்டியது தான்தான் என்று முர்னியிடம் அவரே சொன்னார். படத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை, அவளே என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வைத்தியச் செலவைத் தருகிறேன் என்றார், அது சர்க்கார் அட்டையில் போய்விட்டது என்றாள். “கை தானா கூடிடும் அண்ணே, சந்தையில என் எடம் போயிடும். வராதவ எடத்துல இன்னொருத்தி கூடைய வச்சிட்டா அப்புறம் அவள எழுப்ப முடியாது.” பஸ்ஸில் கூடையை ஏற்றமாட்டார்கள். லாரியில் ஏற்றிப் போய் இறக்குகிறேன் என்றார் உன் அப்பா. “மணல் டெம்பேய எவ வாங்குவா? நீங்க சைக்கிள்ல கொண்டாங்க, நான் பஸ்ல வந்து உக்காந்து விக்கிறேன்” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன்.

இப்படித்தான் உன் அப்பா, நீ பிறந்த பிறகு சைக்கிளைத் தொட்டே அறியாதவர், மறுநாள் விடியலில் டெம்பே கூடைகளோடு பந்துல் சாலையில் இறங்கினார். முதல் நாள் திரும்பி வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். பிறகு, “சுமார்மி, அந்த ரோட்டுல ஓரமே இல்ல” என்றார். ஓரம் என்று லாரியிலிருந்து பார்த்தால் தெரிவதெல்லாம் உடைந்த தாரும் குழியும், இவர்களுடைய லாரிகளே சிந்திவிட்டுப் போன மணலும்தானாம், சக்கரம் அதில் வழுக்குகிறதாம். பின்னால் வருவது யாருடைய லாரி என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் இல்லையா, அது இப்போது அவருக்குத் தொல்லையாகிவிட்டது, ஒவ்வொருவனும் எப்படி ஓட்டுவான் என்று தெரியுமே. அந்த வாரமே அவருடைய சிநேகிதர் பெஜோ, இவரைச் சைக்கிளில் பார்த்த சந்தோஷத்தில் லாரியைப் பக்கத்தில் கொண்டுவந்து காதுக்குள் ஏர் ஹாரன் அடித்திருக்கிறார். அன்று அப்பா நேரம் கழித்து வந்தார், கேட்டதற்கு, வழியில் ஒருத்தன் வாழை நன்றாகப் போட்டிருக்கிறான், நின்று பார்த்தேன் என்றார். கூடப் போன பெண்கள் சொன்னார்கள், இறங்கி ஒரு வாழை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாராம், கூப்பிட்டும் வரவில்லையாம்.

பெண்களையும் அவர் சும்மா விடவில்லை. “மூணு மூணு பேரா கல்யாண ஊர்வலம் மாதிரி போறீங்க, விளக்கும் கெடையாது, மேல கறுப்புச் சட்டை வேற, லாரிக்காரன் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டா வருவான்” என்று கத்தினாராம். “மெதுவா வந்தா வெளக்கெண்ணெய் இல்லாமலே தெரியும் அண்ணே” என்றாளாம் ஒருத்தி. ஆனாலும் அவர் எல்லாச் சைக்கிளிலும் பின்னால் சிவப்பு விளக்கு மாட்டிவிட்டபோது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வளைவு வந்தால் இப்போது ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். நேர் ரோடு வந்ததும் மறுபடி ஊர்வலம்தான், கதை பாதியில் நிற்குமே.

பெஜோவிடம் பேசியதுதான் பெரிய பாடு. ஒரு நாள் நம் கடையில் வைத்து, காலையில் பெண்கள் பாலம் தாண்டுகிற வரைக்கும் லாரிகள் போக வேண்டாம் என்றார் அப்பா. பெஜோவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நடைக் கூலிடா நமக்கு. ஒரு நடை கொறஞ்சா மொதலாளி வேற ஆளப் போடுவான். நாலு நாள் பெடல் மிதிச்சதும் நீ எனக்கு ரோடு சொல்லித் தர்றியா?” என்றார். நியாயம்தான், அப்பாவுக்கே தினமும் முதல் நடை போய்க்கொண்டிருந்தது, முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, “அன்னிக்கு நீ ஹாரன் அடிச்சப்ப நான் செத்துட்டேன்னு நெனச்சேன் பெஜோ. கலிமா கூட வாயில வரல” என்றார். நான் அடுப்புக்குப் பின்னால் இருந்தேன், என் காதில் விழவில்லை என்று நினைத்திருப்பார். எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்த வாழைப்பழத்தைத் திருப்பாமல் விட்டுவிட்டேன், ஒரு சட்டி கருகிப் போயிற்று. பெஜோ சர்க்கரையே போடாத காப்பியை வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் சேர்ந்து நின்றால் முதலாளி எல்லோரையுமா மாற்றுவார், பெண்கள் போகிற வரைக்கும் இங்கே உட்கார்ந்து காப்பி குடியுங்கள் என்று நான் சொன்னேன். “அக்கா யாவாரம் பாக்குது” என்றார் பெஜோ. ஆமாம் என்றேன். மறுநாள் விடியலில் அவருடைய லாரி கடை வாசலில் நின்றது, அந்த வாரக் கடைசியில் லாரி நிறுத்த இடமில்லை. முதலாளி வந்து சத்தம் போட்டார், போட்டுவிட்டு அவரும் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். வெளியூர் லாரிகள் இன்னும் பறக்கத்தான் செய்கின்றன, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

போன திங்கட்கிழமை முர்னி கட்டுப் பிரித்து முதல் தடவையாகச் சைக்கிள் எடுத்தாள். கை பலப்படாததால் மற்றவர்கள் போன பிறகு தனியாக, மெதுவாகப் போனாள். உன் அப்பா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு லாரியைக் கிளப்பினார், என்னையும் ஏறச் சொன்னார். அவளுக்குப் பின்னால் அவள் வேகத்துக்கே ஓட்டினார். எங்களுக்குப் பின்னால் பஸ், கார், பெஜோ, எல்லோரும் ஹாரன். இவர் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை, கழுத்தெல்லாம் வியர்வை. பாலத்துக்கு முன்னால் முர்னி இறங்கி நின்று திரும்பி, “என்ன அண்ணே, குளிக்கப் போனாலும் பின்னாடியே வருவீங்களா? அதான் இவ்வளவு எடம் கெடக்குதே, தாண்டிப் போங்க!” என்று கத்திவிட்டு மறுபடி ஏறி மிதித்தாள். அவர் எதிரில் ஒன்றும் வரவில்லை என்று இரண்டு தடவை பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். பிறகு விளக்குப் போட்டு, லாரியை முழுக்க அந்தப் பக்கம் எடுத்து, மெதுவாகத் தாண்டினார். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். அவளுடைய முக்காட்டின் நுனிகூட அசையவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் மகனே, வேளைக்குச் சாப்பிடு, நூடுல்ஸ் சாப்பாடு ஆகாது. வேனில் போகும்போது சைக்கிளைத் தாண்ட இடம் போதுமா என்று சந்தேகம் வந்தால், போதாது என்றே வைத்துக்கொள், உன் முதலாளி கேட்டால் அம்மா சொன்னாள் என்று சொல். அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்ப மறக்காதே, நான் கேட்டதாக அவருக்குத் தெரிய வேண்டாம். அல்லாஹ் உன்னைப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் காப்பானாக.

உன் அம்மா,
சுமார்மி