ஆடு தின்ற பலாக்குழை

அன்புள்ள நானா,

இன்று காலை யட்டவத்தையில் மிளகுக்கொடி கட்ட மெல்லிய கம்பி வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோது அதன் நுனி விரலில் குத்தியது. உங்கள் காலில் தட்டியதும் இதே மாதிரிக் கம்பிதான்.

பன்றிக்கென்று நம் பாதையோரத்தில் கட்டுத்துவக்கு கட்டியவர் பக்கத்துத் தோட்டக்காரர். கம்பியில் எது தட்டினாலும் துவக்கு தானாக வெடிக்கும். கட்டியவர் வீட்டில் தூங்கலாம். கட்டினால், வருபவர்களுக்கு எச்சரிக்கையாகப் பாதைக்குக் குறுக்கே பச்சை இலைக்குழை தொங்கவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவரும் பலாக்குழை தொங்கவிட்டார். பலா இலையை ஆடு விட்டுவைக்குமா? யாரோ அவிழ்த்துவிட்ட ஆடுகள் தின்றுவிட்டன. காலைத் தொழுகை முடித்து, மாட்டைத் தேடி நீங்கள் அந்த வழியாக வந்தீர்கள்.

"நான் முறைப்படி குழை கட்டினேங்க. துவக்கு தானா வெடிச்சிருச்சு" என்றார் அவர். ஆட்டின் மேல் கொஞ்சம், ஆட்டுக்காரன் மேல் கொஞ்சம், பார்த்து நடக்காத உங்கள் மேல் கொஞ்சம் என்று ஊர் பழியைப் பங்கிட்டது. கடைசியில் உங்களைக் கொன்றவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. உங்கள் மையித்து கிடந்த மரண வீட்டுக்கும் அவர் வரவில்லை. இன்றுவரை நான் அவரோடு பேசுவதில்லை. பிடிவாதம் என்கிறார்கள். இருக்கட்டும்.

நீங்கள் இருந்தபோது, நம் இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான காவல் குடிலில் பன்றி விரட்டத் தகரம் தட்டித் தட்டிக் கை வலித்த ஒரு நாள், "நாமளும் ஒரு துவக்கு கட்டிருவோமே நானா" என்றேன். சிரித்தீர்கள். "பன்றி எனக்கு ஹராம், உனக்குக் கறி. அதுக்கு நம்ம ரெண்டு பேரு கிழங்கும் ஒண்ணுதான்." பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னீர்கள்: "சுடணும்னா நின்னு சுடு தம்பி. யாரைச் சுடுறோம்னு பாக்க ஒரு ஆளு வேணும்."

போன வாரம் விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் செயலாளர் போனில் ஒரு படம் காட்டினார்.

"கமரா வெச்ச துவக்குங்க. பன்றின்னா சுடும், ஆளுன்னா சுடாது. அதுவே பாத்து முடிவெடுக்கும்."

"குனிஞ்சு கிழங்கு புடுங்குற ஆளைப் பன்றின்னு நெனச்சா?" என்றேன்.

"பெரியவருக்குத் தகரம்தான் சரி!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதுக்கெல்லாம் சட்டம் வருதுங்க ஐயா" என்றார் செயலாளர்.

"வரட்டும். செத்தவன் வீட்டு வாசல்ல யாரு வந்து நிப்பா?"

"கம்பெனிக்காரங்க..." என்று தொடங்கியவர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

போர்களுக்கும் இப்படி வந்துவிட்டதாம், நானா. ஆளைத் தானே தேடி, தானே தேர்ந்து கொல்லும் இயந்திரங்கள். நாடுகள் கூடி விதி எழுதுவோம், எச்சரிக்கை வைப்போம் என்று பேசுவதைப் பத்திரிகையில் படிக்கிறேன். எழுதட்டும், நல்லதுதான். ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலாக்குழைதான் நினைவுக்கு வருகிறது.

செயலாளர் சொன்ன கமராத் துவக்கை என் தோட்டத்து மேட்டில்தான் வைக்க வேண்டுமாம். அங்கிருந்துதான் பாதை முழுவதும் தெரியும். உங்கள் மகள் இப்போது மாடு ஓட்டி வருவதும் அதே பாதையில்தான். மேட்டைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பன்றி பாதிக் கிழங்கைத் தோண்டிவிட்டது. ஊரில் பலர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மிளகைக் கட்டி மிஞ்சிய கம்பியில் உங்கள் தகரத்தைக் குடிலில் தொங்கவிட்டிருக்கிறேன். பொழுது சாய்கிறது. தட்டப் போகிறேன்.