எல் போர்டு சிஸ்டர்

மார்ச் 3, திங்கள்

இன்று நான்காவது ஆஸ்பத்திரி. நேர்முகத்துக்கு வந்த வரிசை மாடிப்படி இறங்கி வாசல்வரை நின்றது. இத்தனை நர்சுகளும் இவ்வளவு நாள் எங்கே இருந்தார்கள்? எங்கள் ஊரில் ஒருத்தி லீவு கேட்டாலே வார்டு ஆடிப்போகும். உள்ளே இருந்தவர் என் ஒன்பது வருடச் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "ஓ, சின்ன ஊர் ஐ.சி.யூ.வா?" என்றார். மூச்சுத் திணறல் ஊர் பார்த்தா வருகிறது? கேட்கவில்லை. சான்றிதழைப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாற்றல் வாங்கி என்னை இங்கே கூட்டிவந்த வீட்டுக்காரர், "கொஞ்ச நாள் ஓய்வா இரேன்" என்கிறார். அவருக்கு என்ன, தயாராக நாற்காலி காத்திருந்தது. எனக்கு ஓய்வென்றால் பயம். கைக்குப் பழக்கம் விட்டுப்போனால் அப்புறம் நான் யார்?

மார்ச் 6, வியாழன்

ஒரு டயாலிசிஸ் மையத்தில் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள்! ஜவுளிக்கடைக்கு மேல்மாடி. கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு மெஷின் வைத்து ரத்தம் சுத்தம் செய்யும் இடம். எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. காலியிடம் ஒன்றுதான், எடுத்திருப்பது இரண்டு பேரை. மற்றவள் இப்போதுதான் படிப்பு முடித்த சின்னவள். என்னைப் பார்த்ததும் "ஆன்ட்டி" என்றுவிட்டாள்.

இன்சார்ஜ் சிஸ்டர் பேச்சைச் சுருக்கமாக முடித்தார். "மெஷினை யார் வேணா கத்துக்கலாம். பேஷன்ட் உங்களை நம்பிக் கை நீட்டணும். மாசக் கடைசிக்குள்ள யாருக்கு நீட்டுறாங்களோ, அவங்க இருக்கலாம்."

இது வேலையா, சுயம்வரமா?

மார்ச் 10, திங்கள்

இங்கே வரும் நோயாளிகள் கையில் ரத்தக் குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். இரண்டு ஊசியும் அங்கேதான் போட வேண்டும், ரத்தம் எடுக்க ஒன்று, திருப்பிவிட ஒன்று. ஊசியா அது, கோணி தைக்கலாம். முன்பு பஸ் ஓட்டியவர் ஒருவர் தொட்டுப் பார்க்க மட்டும் விட்டார். விரல் வைத்தேன். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்த மாதிரி உள்ளே அதிர்கிறது. ஒன்பது வருடமாக எத்தனை கையைப் பிடித்திருப்பேன், இப்படி ஒன்றைத் தொட்டதில்லை. தூங்கும்போது இந்த அதிர்வு சத்தமாகக் காதில் விழுமா என்று கேட்டேன்.

"கேக்கும். நின்னுட்டாத்தான் பயம்" என்றார் டிரைவர்.

சரி, ஊசி போடட்டுமா என்றதும் கை போர்வைக்குள் போய்விட்டது. "எல் போர்டு மாட்டிக்கிட்டு வேற வண்டில பழகிட்டு வாங்க சிஸ்டர். எனக்கு இருக்கிறது இந்த ஒரு வண்டிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஆள் சொன்னது நியாயம். இந்தக் குழாய் கெட்டுப்போனால் அவருக்கு அடுத்து எது?

மார்ச் 14, வெள்ளி

மெஷினின் வயிற்றைத் திறந்து காட்டச் சொன்னேன். டெக்னீஷியன் அலுத்துக்கொண்டே காட்டினார். கை இன்னும் யாரும் நீட்டவில்லை.

மார்ச் 17, திங்கள்

ஒரு டீச்சரம்மா சின்னவளுக்குக் கை நீட்டிவிட்டார். ஊசியும் சரியாக விழுந்தது. "நல்லா போட்டே" என்று சொன்னேன். வயிறு எரிந்தது.

மார்ச் 21, வெள்ளி

போச்சு.

இன்சார்ஜ் சிஸ்டர் பக்கத்து அறையில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, அங்கே மாட்டிக்கொண்டார். சின்னவள் லீவு. டிரைவருக்கு நேரமாகிக்கொண்டே இருந்தது. "வேற வழி இல்ல, வாங்க" என்று கையை நீட்டினார். முதல் ஊசி சரியாகப் போனது. இரண்டாவது... ரத்தம் வரலை. தோல் லேசா உப்புது. கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா? ஒரு இழை நகர்த்தினா கிடைச்சிடுமோ? வேலை கண்ணுக்கு முன்னாடி நிக்குது, விட மனசு வரலை. ஆனா அது என் கை இல்லையே.

"எனக்குச் சரியாப் படலண்ணே. எடுத்துடறேன்" என்றேன். எடுத்து, அழுத்திப் பிடித்து, ஐஸ் வைத்து, இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து வேறு இடத்தில் போட்டார். கை நீலம் பாரித்துவிட்டது. டிரைவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

மார்ச் 22, சனி

ராத்திரிச் சாப்பாட்டை வீட்டுக்காரரே பரிமாறினார். பாத்திரம் முழுவதும் அவரே தேய்த்தார்.

மார்ச் 24, திங்கள்

டிரைவர் படுக்கைப் பக்கமே போகாமல் மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமையே துடைத்த அலமாரி. இன்சார்ஜ் சிஸ்டர் ஊசியைப் பிரித்ததும் டிரைவர் குரல் கேட்டது.

"எல் போர்டு சிஸ்டரைக் கூப்பிடுங்க."

"உங்க கை இப்படி இருக்கு, அவங்களா?"

"புதுசா வர்றவங்க எல்லாம் உள்ள விட்டுத் துழாவுவாங்க. மானம் போயிடும்னு யாரும் எடுக்கவே மாட்டாங்க. இவங்க எடுத்துட்டாங்க. பிரேக் பிடிக்கத் தெரியுது. ஸ்டியரிங் தானா வரும்."

விரல் வைத்து அதிர்வு எங்கே அதிகம் என்று தேடினேன், அவசரப்படாமல். இரண்டு ஊசியும் விழுந்தன. குழாயில் சிவப்பு ஏறியதைப் பார்த்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 31, திங்கள்

டிரைவரைப் பார்த்துப் போன வாரம் இன்னும் நாலு பேர் எனக்குக் கை நீட்டியிருந்தார்கள். வேலை எனக்கு என்று இன்சார்ஜ் சிஸ்டர் காலையில் சொல்லிவிட்டார். சின்னவள் தன் லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளும் நன்றாகத்தான் செய்தாள்.

டிரைவரிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டேன், பிளாஸ்திரி ஒட்டினேன், நிமிர்ந்தேன்.

ஆள் தூங்கிவிட்டிருந்தார்.