ஆபீசருக்கு ஊசி போட்ட தேதி

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு மானம் போனது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் சர்வீஸ். அடியில் இருக்கும் குழிக்குள் பூனைக்குட்டி கத்தியது. இறங்கி, முட்டிபோட்டு, டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “வாடி என் தங்கம், அப்பாகிட்ட வாடி” என்று ஐந்து நிமிடம் கொஞ்சினேன். நிமிர்ந்து பார்த்தால் மேலே குடியிருப்போர் சங்கத் தலைவி, அவருக்குப் பின்னால் நாலு பேர்.

“லிஃப்ட் ஓடுமா, இல்ல இன்னும் கொஞ்சம் கொஞ்சணுமா?” என்று கேட்டார்.

குட்டியை டூல் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். உடம்பெல்லாம் கிரீஸ். மகள் அதையே பெயராக வைத்துவிட்டாள். மனைவி மருந்துக்கடை வேலை முடித்து வந்து பார்த்தாள். “ஊர்ல இருக்கற அத்தனைக்கும் நம்ம வீட்டு வழி மட்டும் எப்படித்தான் தெரியுதோ” என்றாள். சொல்லிக்கொண்டே பழைய துண்டைத் தேடினாள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனை ஆபீசர். இரண்டு வருஷத்துக்கு முன் வளர்ந்தவனாகவே வந்து சேர்ந்தான். குட்டியைப் பார்த்துவிட்டு, விடுப்பு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மார்ச் 5, புதன்

டாக்டரம்மாவிடம் போனோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் போனில் பார்த்துப் பூனை ஊசிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வந்திருந்தாள். டாக்டர் பேனாவை வாங்கிப் பாதியை அடித்தார். எல்லா ஊசியும் எல்லாப் பூனைக்கும் வேண்டாமாம். மூன்று நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசியும் வெறிநோய் ஊசியும் கட்டாயம். லுக்கீமியா ஊசி வெளியே சுற்றும் பூனைகளுக்குத்தான் முக்கியம். வீட்டுக்குள்ளேயே இருக்கப்போகிற குட்டிக்கு அதை அப்புறம் யோசிக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிட முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். தாய்ப்பாலில் வந்த காவல் குட்டிக்குள் இருக்கும்வரை ஊசி மருந்தைக்கூட உள்ளே விடாது. அந்தக் காவல்காரன் எப்போது வேலையை விட்டுப் போவான் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எட்டு வாரத்திலிருந்து பதினாறு வாரம்வரை மறுபடி மறுபடி. ஆபீசர் மாதிரி பெரியவர்களுக்கு முதலில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு, ஒரு வருஷம் கழித்து ஒன்று. அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதும். வெறிநோய்க்கு மட்டும் வருஷாவருஷம்.

“அந்த ஒரு வருஷ ஊசியை மட்டும் விட்டுறக் கூடாது சார்” என்றார்.

நான் சுவரில் இருந்த நாய் படத்தைப் பார்த்தேன்.

கிரீஸுக்கு ஏழு வாரம்தான். சோர்வாகவும் இருக்கிறாள். புழு மருந்து மட்டும் கொடுத்தார். இரண்டு வாரம் தனி அறையில் வைக்கச் சொன்னார்.

மார்ச் 6, வியாழன்

தனி அறை ஒரு நாள்தான். கதவைத் திறந்த நேரத்தில் ஓடிவந்து ஆபீசரின் கிண்ணத்திலேயே வாய் வைத்துவிட்டாள். அவனும் பெரிய மனது பண்ணி அவள் தலையை நக்கினான். மகள் படம் எடுத்தாள். நானும்தான் சிரித்தேன்.

மார்ச் 8, சனி

கிரீஸ் காலையிலிருந்து வாந்தி. பரிசோதனையில் பூனைகளுக்கு வரும் பார்வோ, அந்த மூன்று நோயில் ஒன்று, வேகமாகத் தொற்றும். ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து டிரிப் ஏற்றுகிறார்கள். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது: பெரிய பூனைக்கு ஊசி போட்டிருக்கா?

“போட்டாச்சு டாக்டர்” என்றாள் மனைவி.

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

எழுதித்தான் ஆகணும். போடல. போன ஏப்ரல்ல அவனைக் கூடைல வெச்சு எடுத்துட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல கூடை திறந்துக்கிச்சு. அரை மணி நேரம் ரோட்டுல ஓடினேன், ஒரு வண்டிக்கு அடியில படுத்து இழுத்தேன், சட்டை கிழிஞ்சுது, ஊரே சிரிச்சுது. திரும்ப அதே வாசலுக்குப் போக வெட்கம். மாடிப்படியில உட்கார்ந்து நானே அவனோட ஊசிக் கார்டுல தேதி எழுதி, டாக்டர் மாதிரி ஒரு கிறுக்கல் போட்டேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் எந்த லிஃப்டையும் பார்க்காமல் சர்வீஸ் கார்டில் கையெழுத்துப் போட்டதில்லை. என் வீட்டு உயிருக்குப் போட்டிருக்கிறேன். ஆபீசர் செத்தால் நான் கொன்றதுதானே?

மார்ச் 9, ஞாயிறு

ஆபீசர் சாப்பிட்டான். ஒரு தும்மல். தும்மினால் என்ன அர்த்தம்?

மார்ச் 11, செவ்வாய்

தாங்கவில்லை. வேலைக்கு நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். படிக்கட்டு, கிறுக்கல் எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

“போன ஏப்ரல் பதினாறு. ரெண்டு ஊசியும் போட்டிருக்கே சார். மேடம் கூட்டிட்டு வந்தாங்க. கார்டு தொலைஞ்சிருச்சுன்னு புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க.”

நான் எழுதியது பன்னிரண்டாம் தேதி. நாலே நாள்.

ஊசி போட்டால் மருந்துக் குப்பியின் லேபிளை உரித்துக் கார்டில் ஒட்டுவார்களாம். நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் அது இல்லை. பதினொரு வருஷம் மருந்துக்கடையில் நிற்பவளின் கண்ணை ஏமாற்ற நினைத்திருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல!

“அன்னிக்கு அவங்க கையை நல்லாக் கிழிச்சுட்டான். நாங்கதான் கட்டுப் போட்டு அனுப்பினோம்” என்றார் டாக்டர்.

அந்தக் கட்டு ஞாபகம் இருக்கிறது. கடை அலமாரித் தகரம் கிழித்துவிட்டது என்றாள். வேலையிடத்தில் எப்படிக் கவனமாக இருக்க வேண்டும் என்று நான், பெரிய மனிதன், பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மார்ச் 12, புதன்

ஆபீசர் என் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குள் தலையை விட்டான். விட்டுவிட்டேன்.

மார்ச் 15, சனி

கிரீஸ் தானாகத் தின்றாள். மூன்று வாய். நர்ஸ் போனில் சொன்னார். மகள் அழுதாள். எனக்குக் கண்ணில் தூசி.

ஏப்ரல் 12, சனி

கிரீஸுக்கு முதல் மூன்று நோய் ஊசி. அடுத்த முறை வெறிநோயும் சேர்த்து. ஆபீசருக்கு இப்போது வெறிநோய் ஊசி மட்டும். நானே இரண்டு பேரையும் கூட்டிப் போகிறேன் என்றேன். மகள், “அப்பா, வாசல்ல கொஞ்ச ஆரம்பிச்சுடாதீங்க” என்றாள்.

மேசை இழுப்பறையில் பழைய கார்டை எடுக்கக் கை வைத்தேன். மனைவி கைப்பையைத் திறந்து புதுக் கார்டை நீட்டினாள். முகத்தில் ஒன்றுமில்லை.

“இதை எடுத்துட்டுப் போங்க. கூடைத் தாழ்ப்பாளைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கேன்.”

நீட்டிய கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு கோடு, வெளுத்து, நூல் மாதிரி. ஒரு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் நான் பார்க்காத கோடு.

கார்டை வாங்கிக்கொண்டேன். “சரி” என்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

வலித்ததா என்று கேட்கவில்லை.