அப்புவின் கார்டில் உன் பெயர்

கல்பாத்தி,
18-9-1977

சௌபாக்கியவதி ஞானத்துக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பால் சுகம், புத்தியால் எப்படி என்பதை மேலே படித்தால் நீயே தெரிந்துகொள்வாய். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த லீட்ஸ் குளிரில் சௌக்கியமாக இருக்கிறீர்களா, குழந்தைக்கு மார்ச்சளி விட்டதா என்று எழுது. நீ டாக்டர், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ராத்திரி பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள்பொடியும் மிளகும் போட்டுக் கொடு, உன் இங்கிலீஷ் மருந்து கோபித்துக்கொள்ளாது. இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணா அப்புவிடமிருந்து உனக்கு ஒரு தடித்த கவர் வரும். இதற்கு ஒரு நாள் முன்னால் புறப்பட்டது, முன்பே வந்து சேர்ந்திருக்கலாம். ஒன்பது வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாதவனின் கையெழுத்தைக் கவரின் மேல் பார்த்ததும் நீ உருகிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? உள்ளே அச்சடித்த ஒரு பாரம் இருக்கும், அதில் பென்சிலால் குறி போட்ட இடத்தில் நீ ஒப்புப் போட்டு அனுப்ப வேண்டுமாம். அம்மா சொல்கிறேன், இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படிக்காமல் பேனாவைத் தொடாதே.

ஆதியிலிருந்து சொல்கிறேன். அப்பு இப்போது கஞ்சிக்கோட்டில் அந்த இரும்புக் கம்பெனிக்குப் பர்ச்சேஸ் மானேஜர். பாலக்காட்டு வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு காலையில் போகிறான், சாயங்காலம் திரும்பும்போது அது நனைந்த கோவணம் மாதிரி தொங்குகிறது. போகட்டும். ஆடி மாசம் அவனுக்குப் பம்பாயிலிருந்து ஒரு கார்டு வந்தது. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுதான் இருக்கும், பிளாஸ்டிக், ஓரத்தில் தங்க வர்ணம், நடுவில் துரைசுவாமி என்று அவன் முழுப்பெயர் இங்கிலீஷில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பெரிய பெரிய ஹோட்டலில் இதைக் காட்டினால் ரூபாய் கொடுக்க வேண்டாமாம், ஒரு மெஷினில் வைத்து உருட்டி, அடியில் இருக்கும் கார்பன் தாளில் பெயரைப் பதித்துக்கொண்டு பின்னால் பில் அனுப்புவார்களாம். நம் தெருமுனைக் கடையில் பற்று எழுதி வாங்குகிறவர்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தவன், பம்பாய்க்காரன் பற்று எழுதுகிறான் என்றால் கௌரவம் என்கிறான். அது வந்த அன்றைக்கு இந்த வீட்டில் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சுவாமி அறையில் பலகை போட்டு, கார்டைத் தாம்பாளத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, உன் மன்னி கர்ப்பூரம் காட்டினாள். அதோடு விட்டார்களா? வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனம். சாளக்கிராமம் எதையோ பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது, நானும் இருந்தேன்.

போன மாசம் அவன் கம்பெனி டைரக்டரும் அவர் சம்சாரமும் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டது அவர்கள், பணம் கொடுப்பது நான் என்று இவன் ஒற்றைக்காலில் நின்றான். என்னையும் பட்டுப்புடவை கட்டவைத்துக் கூட்டிக்கொண்டு போனான், பாலக்காட்டுப் பழைய குடும்பம் என்று காட்ட ஆள் வேண்டுமே. சாப்பிட்டு முடிந்து இவன் கார்டை இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்தான். காஷியர் மெஷினில் வைத்து உருட்டினான், தாளில் பெயர் விழவில்லை, ஒரு கறைதான் விழுந்தது. மறுபடி உருட்டினான், மறுபடி கறை. ஆறு வெள்ளிக்கிழமைச் சந்தனம் எழுத்துக்கு எழுத்து இறுகிப் போயிருந்தது. அந்த மனுஷன் ஒரு தீக்குச்சியை எடுத்து எழுத்து எழுத்தாய்ச் சுரண்டிக்கொண்டே, ஏனுங் சார், இதென்னங்க மஞ்சளாட்டம் அப்பியிருக்குது என்று நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரி கேட்டான். அப்புவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வந்த சிரிப்பை ஐஸ்கிரீமோடு சேர்த்து விழுங்கினேன். கடைசியில் டைரக்டர்தான் தன் கார்டை எடுத்துக் கொடுத்தார்.

அங்கேதான் உன் பெயர் உள்ளே வந்தது. டைரக்டருடையது இவன் கார்டைவிட ஒரு படி மேல். அந்த உசத்திக் கார்டில் குடும்பத்து ஆட்களையும் சேர்க்கலாமாம், வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்களைச் சேர்த்தால் மதிப்பே வேறாம். அவருக்கு ஜெர்மனியில் ஒரு தம்பி, கனடாவில் ஒரு மைத்துனி. உங்களுக்கு யாரும் வெளியில் இல்லையா மிஸ்டர் துரைசுவாமி என்று அந்த அம்மாள் கேட்டாள். இந்த ஒன்பது வருஷமாக ஆபீசில் எல்லோரிடமும் நான் ஒரே பிள்ளை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், கண்ணைக்கூட இமைக்காமல் என் தங்கை இங்கிலாந்தில் டாக்டர் என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஐஸ்கிரீம் புரையேறிவிட்டது. தங்கையாம்! பையனின் பூணல் பத்திரிகையில் அத்தை பெயரைப் போடாதவனுக்குத் தங்கை. சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்த வேதமுத்துவின் மகன், அதுவும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன், அவன் என்ன டாக்டருக்குப் படித்தால் என்ன என்று குதித்தவனுக்குத் தங்கை. உங்கள் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்த மறுவாரமே ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போய் உன் பெயரை அடித்துக்கொண்டு வந்தவன் இவன். கிளார்க் காரணம் கேட்டதற்கு, அவ இனிமே இந்தாத்துல சாப்பிட மாட்டா என்று சொன்னேன் என்று என்னிடமே வந்து பெருமையடித்தான். அரிசிக் கார்டில் உனக்கு இடமில்லை, ஹோட்டல் கார்டில் இடம் உண்டு. நன்றாயிருக்கிறது இவன் நியாயம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், ஏண்டா, இதை வைத்துக்கொண்டு அவள் அங்கே என்ன வாங்குவாள் என்று. அது இந்தியாவிலும் நேபாளத்திலும்தான் செல்லும் என்றான். அதாவது லீட்ஸில் இதைக் கொடுத்தால் உனக்கு ஒரு தீப்பெட்டி கிடைக்காது. பின்னே எதற்கு என்றதற்கு அந்த மகானுபாவன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், நீயும் கேள். அம்மா, அவ வந்தா நம்மாத்துக்குத்தான் வரணும்னு என்ன இருக்கு, எர்ணாகுளத்துல பெரிய ஹோட்டலா எறங்கட்டும், கார்டைக் காட்டினா ஏசி ரூமே கொடுப்பா, நீயும் ரெண்டு நாள் போய் இருந்து குழந்தையைப் பாத்துட்டு வா, கிராமத்துல ஒத்தருக்கும் ஒண்ணும் தெரியண்டாம், எல்லாருக்கும் மரியாதை, கேட்டியா என்றான். எத்தனை அழகாக யோசித்திருக்கிறான் பார். உன்னை வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்கு இத்தனை நாள் வெறும் வாய்தான் இருந்தது, இப்போது தங்க ஓரம் போட்ட கார்டு கிடைத்திருக்கிறது. என் வயிற்றில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கே வெட்கமாக இருந்தது. உன் மன்னி பாவம், உள்ளே போய்விட்டாள்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை அந்தக் கார்டுக் கம்பெனியின் ஆள் கோயம்புத்தூரிலிருந்து அந்த உசத்திக் கார்டுக்கான பாரத்தோடு வந்தார். வழுக்கைத் தலை, நல்ல மனுஷர், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு டவராவைத் தானே கொண்டுபோய் முற்றத்தில் வைத்தார். அப்பு பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்து, இங்க ஒரு ஒப்பு போடும்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றான். எட்டாம் கிளாஸ் இங்கிலீஷை வைத்துக்கொண்டு அந்தப் பொடி எழுத்தைப் படிக்க எனக்குக் கண் போதாது, என்ன எழுதியிருக்கிறது, தமிழில் சொல்லுங்கோ என்று அவரைக் கேட்டேன். அப்பு அவசரப்பட்டான், அவர் அவசரப்படவில்லை. ஏனுங்கம்மா, வெளிநாட்டுல இருக்கறவங்களச் சேர்த்தோணும்னா ஊட்டுல பெரியவங்க ஒரு சாட்சி சொல்லோணுங்க, இவங்க எங்க குடும்பத்து ஆளுதான், எங்களுக்குள்ள போக்குவரத்து என்னைக்கும் விட்டுப் போனதில்லைன்னு எழுதியிருக்குதுங்க, அவ்வளவுதானுங்க என்றார். நான் பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டேன். அப்பு கெஞ்சினான், அதட்டினான், ஒனக்கு என்னிக்குமே அவதான் ஒசத்தி என்று பல்லைக் கடித்தான். உன் கார்டுக்காக என் பெண்ணை நான் விற்க மாட்டேன், போடா என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பெரியவர்கள் போடாவிட்டால் சேர்க்கப்படுகிறவரே அந்த வாசகத்தின் கீழே ஒப்புப் போட்டாலும் போதும் என்று அந்த மனுஷர் வழி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் உனக்கு வருகிற கவர். இரண்டு நாளாக அப்பு என்னோடு பேசுவதில்லை, காப்பியை மட்டும் ஆறுவதற்குள் குடித்துவிடுகிறான்.

ஞானம், அவனிடம் நான் சொன்னது வீராப்பு. உண்மைக் காரணம் வேறு, அதை உன்னிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட முடியாது. போக்குவரத்து என்றைக்கும் விட்டதில்லை என்று அந்த மனுஷர் தமிழில் சொன்னதும் என் கை தானாக நின்றுவிட்டது. உன் கல்யாணச் செய்தி வந்த அன்று அப்பு புழைக்குப் போய் ஆற்றில் இறங்கி உன்னைத் தலை முழுகிவிட்டு வந்தான் என்று உனக்கு எழுதியிருந்தேன். அவன் தனியாகப் போகவில்லை. நானும் போனேன். என்னை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, வேண்டாம் அம்மா, நீங்க எதுக்கு என்று உன் மன்னிகூடச் சொன்னாள். கிராமம் முழுக்க வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, அவர்கள் பார்க்கட்டும் என்று நானே படியிறங்கினேன், உயிரோடு இருக்கிற என் பெண்ணுக்கு மூன்று முழுக்குப் போட்டேன். அப்பா முழுகவில்லை. என் மாற்றுப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு மேல்படியில் நின்றார், உலர்ந்த தலையோடு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். கடைசி நாட்களில் நினைவு தப்பியபோது உன்னைக் கூப்பிட்டார், அவ ஹாஸ்பிடல்ல இருக்கா, வந்துண்டிருக்கா என்று நான்தான் பொய் சொன்னேன்.

இத்தனை பக்கம் அப்புவை இளப்பமாக எழுதினேன். அவனுக்காவது ஒரு கார்டு வேண்டும், டைரக்டரம்மா மெச்ச வேண்டும் என்று ஒரு காரணம் இருக்கிறது, எனக்கு என்ன இருந்தது? இந்த வீடு என் பெயரில் இருக்கிறது, உன் தாத்தா எனக்கு எழுதிவைத்தது. ஒன்பது வருஷத்தில் என்றைக்காவது ஒரு நாள் புறப்பட்டு வாடி என்று எழுதியிருந்தால் எவனும் தடுத்திருக்க முடியாது. அப்பு சம்மதிக்க மாட்டான், அப்பு சம்மதிக்க மாட்டான் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதி அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளி. அவனைவிட மட்டம் நான். அதனால்தான் நீ அந்தப் பாரத்தில் ஒப்புப் போடக் கூடாது என்கிறேன். போட்டால் நாங்கள் உனக்கு ஒரு அநியாயமும் செய்யவில்லை என்று ஆகிவிடும். நாங்கள் செய்தோம். அதை உன் கையாலேயே இல்லை என்று எழுதிக் கொடுக்காதே.

இதைப் படித்த பிறகும் உனக்கு மனசு இருந்தால், கிறிஸ்மஸ் லீவுக்கு மாப்பிள்ளையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. முதலில் சின்னக்கானல் போய்ச் சம்பந்தியம்மாள் செபமாலையம்மாளைப் பார்த்துவிட்டு வந்தாலும் சரி, அவர்கள் ஒரு நாளும் உன்னை வெளியே நிறுத்தியதில்லை, முதல் மரியாதை அவர்களுக்குத்தான். பிறகு பகலில், எல்லோரும் பார்க்கிற வேளையில், கிராமத்து நடுவே நடந்து நம் வீட்டுக்கு வா. அப்புவுக்குச் சங்கடமாக இருந்தால் அவன் போய் எர்ணாகுளத்தில் தங்கட்டும், அவனிடம்தான் கார்டு இருக்கிறதே. வர மனசில்லை என்றால் அதையும் எழுது, கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல், என்ன சொல்லிச் சொல்வாயோ, நேரில் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. குழந்தைக்குத் தலையில் தேங்காயெண்ணெய் வை, காதை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நோய்நொடி இல்லாமலும் இருக்க எமூர் பகவதியிடம் தினம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். இதுவரை உன் கடிதங்களை எல்லாம் எதிர்வீட்டு வாலாம்பாள் மேல்விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி, புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்து வந்து சமையலறையில் படித்துக்கொண்டிருந்தேன். இனி அது வேண்டாம். என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு நம் வீட்டு நம்பருக்கே எழுது. போஸ்ட்மேன் வாசலில் நின்று உரக்கப் படிக்கட்டும். அனுப்பியவர் இடத்தில் உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரோடு சேர்த்து முழுசாகப் போடு, ஞானம் செபாஸ்டின் என்று.

இப்படிக்கு,
உன் அம்மா
திரிபுரசுந்தரி