கொல்லையில் மூன்று கட்டைகள்

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வாயெல்லாம் செம்மண்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபத்திரண்டு நாள். டாக்டர் எழுதச் சொன்னவை: நடை, மூச்சு, மாத்திரை.
நடை: வாசலிலிருந்து ரோடு முனை, நான்கு தடவை.
மூச்சு: வாங்கவில்லை.
மா.: காலை 5, இரவு 3.

மற்றதையெல்லாம் டாக்டரிடம் காட்ட முடியாது. அதற்கு இந்த நோட்டின் பின்பக்கம்.

வீட்டுக்காரி தனம் எட்டேகாலுக்குக் கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சாயங்காலம்தான் வருவாள். போகும்போது தினம் சொல்வது: "வெயிட்டு தூக்கக் கூடாது. குனியக் கூடாது. வெயில்ல நிக்கக் கூடாது."

"மூச்சு வுடலாமா?" என்றேன். சிரிக்கவில்லை.

இத்தனை வருடம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடர் ஓட்டியவன். இரண்டு வாரு வாரினால் லாரி நிறையும். இப்போது தண்ணீர்க் குடத்துக்குத் தடை. டி.வி. போட்டேன், நிறுத்தினேன். பேப்பரை இரண்டு தடவை. கடிகாரம் பத்தே பத்து.

கொல்லையில் மூன்று அடிக்கட்டைகள். ஒன்று புளி, இரண்டு வேம்பு. மகன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அறை போடலாம் என்று ஏப்ரலில் மரங்களை அறுக்கச் சொன்னேன். தனத்துக்கு இஷ்டமில்லை. நான் கேட்கவில்லை. வேரைத் தோண்ட ஆள் எதற்கு என்று நானே கடப்பாரையோடு இறங்கினேன். புளியங்கட்டை பக்கத்தில்தான் நெஞ்சு வலித்தது. அதற்குப் பிறகு ஞாபகத்தில் இருப்பது திருச்சி ஆஸ்பத்திரி சீலிங் ஃபேன். ஸ்டென்ட் இரண்டு. அறை கட்டும் பேச்சு நின்றுபோனது. மரம் போனது போனதுதான்.

பதினொரு மணிக்குக் கோடரியை எடுத்தேன். வேம்பில் இரண்டு வெட்டு. நெஞ்சில் ஒன்றுமில்லை. பயம்தான். கோடரியைக் கழுவி வைத்தேன். எதற்குக் கழுவினேன், தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. நடை: ஐந்து தடவை. மா.: சரி.

பகல் முழுக்க ஃபோனில் வீடியோ. எந்த ஊரிலோ கட்டையைக் குடைந்து மண் போட்டுப் பூச்செடி வைக்கிறார்கள். ஒருவன் சதுரங்கக் கட்டம் வரைந்து மேசை ஆக்கியிருக்கிறான்.

நம் கொல்லைக்கு:
1. மேலே கடப்பாக்கல் பதித்தால் துணி துவைக்கலாம்.
2. குடைந்து, கோழிக்குத் தண்ணீர்.
3. குடைந்து, கற்றாழை. (தண்ணீர் தேங்கினால் கட்டை அழுகும். ஓட்டை போட வேண்டும்.)
4. இழைத்து, உட்கார. முதுகுக்கு ஒன்றுமில்லை, ஆனாலும்.
5. புளி பெரிசு, நாலு பேர் சாப்பிடும் மேசை.

அளந்தேன். புளி குறுக்கே மூன்று முழம். வேம்பு இரண்டும் ஒன்றரை. உளி மழுங்கல். உப்புத்தாள் ஆணிப் பெட்டியில் கிடக்கிறது.

சாயங்காலம் தனத்திடம் பட்டியலைப் படித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அத ஜே.சி.பி. வச்சிப் புடுங்கிப் போட்டா ஆச்சு." துவைத்த துணியை வாசல் காம்பவுண்டில் காயப் போட்டிருக்கிறாள். அத்தனை புழுதியில். கொல்லையில் கொடி சும்மா கிடக்கிறது.

முருகேசன் ஃபோன். என் லோடருக்கு ரிலீஃப் ஆபரேட்டர். "அண்ணே, பக்கெட்டு தூக்கறப்ப எடது பக்கம் ஒரு இழு இழுக்குதே?"

"காலையில கொஞ்சம் சூடேற வுடு. அப்பறம் தூக்கு."

எவ்வளவு சந்தோஷம் எனக்கு. இன்னும் நாலு சொன்னேன். அவன் இழுத்து இழுத்து, "இனிமே அத எனக்கே போட்டுட்டாங்கண்ணே. ஒங்களுக்குச் சொல்லலியா?" என்றான்.

நல்லதுப்பா என்றேன். வெள்ளிக்கிழமைதான் கம்பெனி டாக்டர் என்னைப் பார்க்கப்போகிறார். பார்ப்பதற்கு முன்பே எப்படி?

சாப்பாடு இறங்கவில்லை. பசியில்லை என்றேன்.

ஜூன் 18, புதன்

நடை: இல்லை. மனசில்லை.

கறிக்கடை பாய் வந்தார். பின் தெருவில் போகும்போது புளியங்கட்டையைப் பார்த்தாராம். அவர் கடையில் கறி வெட்டும் கட்டை நடுவில் குழி விழுந்துவிட்டது. புளியைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார்.

"வைரம் பாஞ்ச கட்டை. வேற மரமா இருந்தா கறியோட தூளும் சேந்து வரும். இதுல வராது. குடுங்க, தோண்டி எடுக்கறது என் பொறுப்பு."

"இல்ல பாய். மேச பண்ணப் போறேன்."

"நீங்களா?" என் சட்டைப் பொத்தான் பக்கம் ஒரு பார்வை. "ஒடம்பு தேவலையா? துவா செய்றேன்." போய்விட்டார்.

அந்த 'நீங்களா' நாள் முழுக்கக் காதில். உளியைத் தீட்டினேன்.

ஜூன் 19, வியாழன்

நினைத்தது இதுதான்: இருபது வெட்டு. ஒன்றும் ஆகாவிட்டால் நாளை டாக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசலாம்.

தனம் போய் ஒரு மணி நேரம் கழித்துப் புளியங்கட்டையின் பக்கவேரில் ஆரம்பித்தேன். பிடி சரியாக வரவில்லை. வலது சுண்டுவிரல் ஒரு மாதமாக மடங்க மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடித்திருக்கும். ஐந்து. எட்டு. வியர்வை. பதினொன்று. மூச்சு வாங்கியது, முன்பக்கத்தில் எழுத மாட்டேன். பதினாலு.

நிமிர்ந்தால் கொல்லைக் கதவில் தனம். பள்ளிக்கூட ஸ்டோர் ரூம் சாவியை மறந்துவிட்டாளாம். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. படியில் இறங்கவும் இல்லை. "வாங்க," என்று மட்டும் சொன்னாள். கோடரியைப் போட்டுவிட்டுப் போனேன்.

நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எனக்கு எல்லாம் இருக்கு. அந்தக் கட்டைய ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தீங்க. கூப்புட்டா கேக்கல. இழுத்தா வரல. ஒவ்வொரு வெரலாப் பிரிச்சேன். சுண்டு வெரல்ல சத்தம் கேட்டுச்சி. ஒடச்சிட்டேன்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? அன்னையிலேருந்து இந்தப் படியத் தாண்டல நான். நீங்க என்னடான்னா அதுல மேச பண்ணிச் சோறு திங்கலாங்கறீங்க."

என் கையை எடுத்து அந்த விரலைப் பார்த்தாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள். "புள்ளைங்களுக்கு ஒல வைக்கணும்." சாவியோடு போய்விட்டாள்.

மூன்று மணிவரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வருடக்கணக்காகக் கல்லைத்தான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவளைப் பார்க்கவில்லை.

பாய்க்கு ஃபோன் செய்தேன். கட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

லேசான மேகம், மழையில்லை. அரியலூர் பஸ்ஸில் உட்கார இடம்.

கம்பெனி டாக்டர் சின்னப் பையன். நல்ல பையன். "வேலைக்கு வரலாம் சார், அடுத்த மாசம். லோடர் மட்டும் வேண்டாம்."

"எப்ப வரைக்கும்?"

"இனிமேவே வேண்டாம் சார்."

எடைமேடையில் இடம் தருகிறார்கள். லாரி ஏறும், எண்ணைப் பார்த்து எழுத வேண்டும், லாரி இறங்கும். கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். கோணல். சுண்டுவிரல்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்து சுரங்கப் பக்கம் திரும்பவில்லை. சத்தம் கேட்டது. என் வண்டியா, வேறா, தூரத்தில் தெரியவில்லை.

தனத்திடம் சொன்னேன். "அங்க ஏ.சி. இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி." உள்ளே போனவள் திரும்பி வந்து, "அழுவணும்னா அழுவுங்க," என்றாள். வரவில்லை. இரண்டு தடவை தெருமுனைக்குப் போய் வந்தேன். படுத்தேன், எழுந்தேன். மா.: இரவு 3.

ஜூன் 21, சனி

பாய் ஜே.சி.பி.யோடு ஏழு மணிக்கே. தனம் ஜன்னலுக்கு உள்ளே.

ஆபரேட்டர் எடுத்த எடுப்பில் பக்கெட்டைக் கட்டை மேலேயே குத்துகிறான். தாங்க முடியவில்லை. "மொதல்ல மூணு பக்கம் மண்ண எடுப்பா. வேரு தெரியட்டும். அப்பறம் அடியில குடு!"

"நீங்க ஓட்டுவீங்களா சார்?"

ஓட்டுவேன் என்று வாய்வரை வந்தது. "ஓட்டினேன்," என்றேன்.

நான் சொன்னபடி செய்தான். ஆணிவேர் அறுபட்டபோது துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம். என் நெஞ்சு ஒன்றும் செய்யவில்லை. குழியை அவனே மூடி, மேலே இரண்டு தடவை ஏற்றி இறக்கிச் சமன் செய்தான்.

பாய்: "மொத கறி ஒங்க வூட்டுக்குத்தான்."

"டாக்டர் ஆட்டுக்கறி வேண்டாங்கறாரு பாய்."

"அப்ப நாட்டுக்கோழி. இன்ஷா அல்லாஹ்."

டிராக்டரில் கட்டை தெரு திரும்பும்வரை நின்றேன். ஜன்னலில் தனம் இல்லை. சமையலறையில் அழுகிற சத்தம். போனேன். பக்கத்தில் நின்றேன். "வெங்காயம்," என்றாள். வெங்காயம் எதுவும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

காற்று குறைவு. நடை: ஏழு தடவை.

பத்து மணிக்குக் கொல்லையில் ஏதோ உரசும் சத்தம். போய்ப் பார்த்தால், தனம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு வேப்பங்கட்டையில் உப்புத்தாள் போடுகிறாள். என் ஆணிப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"என்ன இது?"

"கீர ஆய ஒக்கார. அதுல நீங்க ஒக்காருங்க." இன்னொரு வேம்பைக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

குறுக்கே தேய்க்கிறாள். "ரேகை போற பக்கமே தேயி தனம். குறுக்க தேச்சா கோடு வுழும். கைய லூசா வையி. அந்த ஓரத்த வுட்டுட்ட பாரு."

"ஜே.சி.பி. காரன்கிட்ட வச்சிக்குங்க இதையெல்லாம்."

இரண்டு நிமிடம் தாங்கினேன். கை ஊறுகிறது. எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். அவள் நிறுத்தினாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். உப்புத்தாளை நீட்டினாள்.

"பத்து நிமிசம். கெடியாரம் பாப்பேன்."

தேய்த்தேன். மெதுவாக, ரேகையோடு. மேல் கறுப்பு போய் உள்ளே செம்பழுப்பு வந்தது. கசப்பு வாசனை. பக்கத்தில் நின்று ஃபோனில் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூச்சு: வாங்கவில்லை. இது முன்பக்கத்துக்கு.

"ஆச்சு. குடுங்க."

இன்னும் ஐந்து நிமிடம் கேட்டேன்.

"நாளைக்கி," என்றாள்.