மஞ்சள் குங்குமப் பூச்சி

திருப்பதி,
கார்த்திகை 20

அன்பு மகள் சுமித்ராவுக்கு, நைனா எழுதிக்கொள்வது. ஏழுமலையான் தயவில் நானும் அம்மாவும் சுகம். கவுகாத்திக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, நான் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டாள். பங்காருபாளையத்துச் சித்தி அனுப்பிய மாங்காய் ஊறுகாயில் பாதியை உனக்கென்று கட்டி வைத்துவிட்டாள், மீதியில்தான் எனக்குத் தொட்டுக் காட்டுகிறாள். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான்.

உன் ஆராய்ச்சிக்கு நீ சொன்னபடி, மலையேறும் அலிப்பிரிப் படிகளைக் கழுவப் போகும்போதெல்லாம் ராத்திரி வெளிச்சத்துக்கு வந்து விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்திருக்கும் பூச்சிகளை எண்ணிக் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டுதான் வருகிறேன். சித்திரையில் ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. ஆனியில் முதல் மழைக்குச் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னதாக வந்தன. ஐப்பசியில் படியோரச் சுவர் முழுக்க இருக்கவேண்டியது, இந்த வருஷம் மழை தள்ளிப்போனதால் அவையும் தள்ளி இப்போதுதான் வருகின்றன. பகலில் பட்டாம்பூச்சிகளும் ஈர மண்ணில் கூட்டமாக உட்காருகின்றன, பார்த்தால் நீ ஒன்பதாவது படித்த காலம் ஞாபகம் வந்துவிடுகிறது. லீவு நாளென்றால் விடியும்போதே என்னோடு வந்து, துடைப்பத்துக்கு முன்னால் ஓடி ஓடி ஒவ்வொரு பூச்சியையும் அட்டையில் ஏந்திச் செடியில் விடுவாய். வேலை கெடுகிறது என்று மேஸ்திரி திட்டுவார், நானும் உன்னைத் திட்டியிருக்கிறேன். அப்படி ஒரு காலையில்தான் படிகள் திரும்பும் வளைவில் மஞ்சளில் சிவப்புப் பொட்டு வைத்த அந்தப் பூச்சியைப் பார்த்தாய். யாரோ படி பூஜை செய்து வைத்துவிட்டுப் போன மஞ்சள் குங்குமம் என்று நான் துணியை நனைத்துவிட்டேன். "நைனா, தொடைக்காத, அது குங்குமம் இல்ல, உட்காந்துகினு கீது பாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்தச் சின்னக் கை இன்னும் என் மணிக்கட்டில் இருப்பதுபோல் இருக்கிறது.

ஒரே தடவை, அதுவும் சின்ன வயதில் பார்த்ததை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்று உன் சார் சொல்லிவிட்டார், அது திரும்ப வந்தால் போட்டோ எடுத்து அனுப்பு என்று நீ கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. போன சனிக்கிழமை காலையில் அது வந்தது சுமித்ரா. அதே வளைவு. முந்தின நாள் வெள்ளிக்கிழமைக் கூட்டம், படிக்குப் படி மஞ்சள், வழுக்கி யாரும் விழக்கூடாதே என்று ஈரத்துணியால் அவசரமாகத் தேய்த்துக்கொண்டே போனேன். கைக்கு அடியில் படபடத்த பிறகுதான் தெரிந்தது. பிடித்து நிறுத்த உன் கை அங்கே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "போட்டோ எடுக்கறதுக்குள்ள பறந்துடிச்சின்னு சொல்லிடு, கொழந்த மனசு நோவும்" என்றாள். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷம் தேடி, வந்ததை நானே கொன்றுவிட்டேன். மன்னித்துவிடம்மா.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் காட்டுக்குள் தனியாகப் போகாதே. நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும் என்று தினமும் முதல் படியைத் தொட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன். ஒன்று மறக்காதே, ஜன்னலை மூடிவிட்டு இந்தக் கவரில் இருக்கும் பொட்டலத்தைப் பிரி. அந்தத் துணியை நிழலில் காயவைத்து மடித்திருக்கிறேன். ஒரு இறக்கை முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நான் அலசவில்லை.

இப்படிக்கு,
உன் நைனா
ரங்கையா